நீர்த்துளி வேடமும் வெப்ப விழிப்புணர்வு விழாவும்

கத்திரி வெயில் தொடங்கிய பின்னர், நிழலற்ற வெட்டவெளியில் மக்களை முற்பகல் முழுதும் நிற்கவைத்து, வெயிலில் நிற்பது மூளைக்குக் கேடு என்று அறிவுரை வழங்கிய விழா ஒன்று எங்கள் பகுதியில் நடந்தது. நடத்தியவர்கள் அனைவரும் நன்கு படித்தவர்கள். படியாதவர்களுக்கு இப்படியொரு திட்டம் தோன்றியே இராது.

ஆவடியிலிருந்து வெள்ளானூர் செல்லும் சாலையில் அண்மையில் எழுந்த அடுக்ககம் எங்களுடையது. தமிழ்நாட்டின் எல்லாச் சீமையினரும் அதில் மாடி மாடியாக அடுக்கப்பட்டிருக்கிறோம். கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றபின் நானும் அங்கே குடிபுகுந்தேன். நலச்சங்கத்தின் செயலாளர் கணினி நிறுவனமொன்றில் மேலாளர். எச்செயலுக்கும் ஒரு நோக்கவுரை, ஒரு சின்னம், ஒரு பாடல் ஆகிய மூன்றும் இருந்தாலன்றி அது செயலாகாது என்று நம்புகிறவர். கோடையில் சாலையோரம் நீர்மோர்ப் பந்தல் வைப்பது நம் ஊர்களில் எல்லாத் தெருவினரும் செய்வதுதான். நான்கு மூங்கில், சிறிது கீற்று, இரண்டு பானை, சில குவளை, வேலை முடிந்தது. செயலாளருக்கு அது போதவில்லை.

"வெறும் மோர்ப்பந்தல் யார் வேணா வைப்பாங்க சார். நாம அதையே ஒரு அவேர்னஸ் ஈவென்டாப் பண்றோம். ஹீட் அண்ட் பிரெய்ன். புரொபசர் ஒருத்தர் பேசுறார். நீங்க சீனியர், மேடையில உட்கார்றீங்க," என்றார்.

உட்காருவதற்கு எனக்குத் தகுதி இருந்தமையால் இசைந்தேன்.

நீர்மோர்ப் பந்தலுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. சிறப்பு விருந்தினர் எழுந்தருளி, பானைகளின் கழுத்தில் கட்டிய சிவப்பு நாடாவை வெட்டி, முதற்குவளையைத் தம் கையால் ஒருவருக்கு வழங்கி, அக்காட்சி ஒளிப்படமாகும் வரை ஒரு சொட்டு மோரும் எவர் தொண்டையிலும் இறங்கலாகாது. கோயிலில் படையலுக்கு முன் உண்ணலாகாது என்பதைப் போன்ற விதி இது. கோயிலில் இருப்பவர் தாமதமாக வருவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு. எங்கள் விருந்தினரோ வட்டாரப் பெரும்புள்ளி. அன்று காலையில் பட்டாபிராமில் ஒரு பந்தலையும், பூந்தமல்லியில் ஒரு பந்தலையும் திறந்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார். வெயில் காலத்தில் அவர் ஒருவருடைய நாவறட்சி மட்டும் ஊர்தோறும் தீர்க்கப்படுகிறது.

கீற்றின் நிழல் பானைகளுக்குக் கிடைத்தது. மேடைக்குமேல் கட்டிய துணியின் நிழல் எங்களுக்குக் கிடைத்தது. எஞ்சிய நிழல் எதுவும் இல்லாததால் மக்களுக்கு வழங்க இயலவில்லை.

விழாவின் சின்னமாக ஒரு நீர்த்துளி வந்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே கூம்பிய நுனி, உள்ளே தடித்த பஞ்சு, வெளியே நீலநிற மென்மயிர்த் துணி. துளிக்கு உருண்டைக் கண்களும் விரிந்து சிரிக்கும் வாயும் இருந்தன. உள்ளிருப்பவர் வெளியுலகைக் காண அந்த வாயில் ஒரு வலைத்துண்டு தைக்கப்பட்டிருந்தது. காற்றுக்கு உரிய வழியும் அதுவே.

அதனுள் புகுந்தவர் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்தெருவில் வாழ்பவர், நாற்பதைக் கடந்தவர். அவருடைய தந்தை கூலிக்கு நாற்று நட்ட நிலத்தின்மேல்தான் எங்கள் மாடிகள் நிற்கின்றன. "எங்க நைனா நட்டது இன்னா உசரம் வளந்துகீது பாருங்க அய்யா," என்று எங்கள் கட்டடத்தை அண்ணாந்து காட்டிச் சிரிப்பார். வாரநாள்களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்து எந்திரத்தில் இரும்பைக் கடைவது அவர் பணி. ஞாயிறுகளில் பிறந்தநாள் விழாக்களுக்குக் கரடியாகவும் குரங்காகவும் செல்வார். அவர் மனைவி எங்கள் அடுக்ககத்தில் துப்புரவுப் பணி செய்பவர். அன்று மோர் ஊற்றும் பொறுப்பும் அவருக்கே. பானைகளின் அருகில் அகப்பையோடு நின்றார், ஊற்ற உரிமையின்றி.

கணவர் வேடத்துக்குள் நுழையுமுன் அவரைப் பார்த்து, "யோவ், தண்ணி குட்ச்சியா?" என்று கேட்டார்.

"உள்ளாற பூந்துட்டா ஒண்ணுக்கு வந்தா இன்னா பண்றது? ஜிப்பு முதுவுல கீது. குடிக்கல."

"அப்டியே காஞ்சி போ."

"நானே தண்ணிடீ, நான் எப்டி காய்வேன்?" என்று சொல்லி, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே புகுந்தார். மனைவி முதுகுப்புறம் பற்பிணையை இழுத்து மூடினார்.

விழா தொடங்கியது. வெப்பத்தின் தீமையை உணர்த்தும் மேடையில் அமர்ந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் பளபளக்கும் நெகிழியிழைச் சால்வை போர்த்தப்பட்டது. சங்கப் பொருளாளர் போர்த்தியது ஒன்று, மகளிரணி போர்த்தியது ஒன்று, பின்னர் முதியோரணி. வெந்துகொண்டே கைகூப்பினோம்.

வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் ஒலிவாங்கியைப் பற்றினார். மேடையோரம் வெயிலில் பெரிய ஒளித்திரை வைக்கப்பட்டிருந்தது. நண்பகல் கதிரவனுக்கு முன் அத்திரை ஒன்றையும் காட்டவில்லை. அவரோ காட்டாத திரையை நோக்கிக் கோலை நீட்டி, "இங்கே நீங்கள் பார்ப்பது ஹைப்போதலாமஸ்," என்றார். நாங்களும் பார்த்தோம். உடலின் வெப்பத்தை ஆளும் அப்பகுதி மூளையின் அடியில் இருப்பதாகவும், அது தோலுக்குக் குருதியை அனுப்பி வியர்க்கச் செய்வதாகவும், ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை உலராமல் வீணாக வழிவதாகவும் விளக்கினார். வெப்பத்தில் உழைப்பவருக்குச் செரோட்டோனின் கூடி டோபமைனோடு உள்ள சமநிலை கெடுவதால் சோர்வும் மந்தமும் தோன்றும் என்றார். எதிரே நின்ற மக்கள் அச்சோர்வையும் மந்தத்தையும் குறைவின்றிக் காட்டினர்.

துளி நெடுநேரமாகக் கையசைத்துக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்குக் கைகொடுத்தது. தற்படங்களுக்கு நின்றது. பேராசிரியர் அறிகுறிகளுக்கு வந்து, "கால் தள்ளாடும், பேச்சு குழறும், இடம் நேரம் தெரியாது," என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது, துளி ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, கால்களை அகட்டி அகட்டி வைக்கத் தொடங்கியது.

கூட்டத்துக்கு உயிர் வந்தது.

"மச்சான், துளி பின்றான் பாரு!"

"மாமே, அந்த ஸ்டெப்பு! இன்னொரு தபா!"

கைதட்டல் எழுந்தது, சீழ்க்கை பறந்தது. எல்லாக் கைப்பேசிகளும் அப்பக்கம் திரும்பின. செயலாளர் கட்டைவிரலை உயர்த்தி ஒலியமைப்பாளருக்குக் குறிப்புக் காட்டினார். குத்துப்பாட்டின் தாளம் முழங்கிற்று. தம் உரைக்கு இடையூறு நேர்ந்ததில் பேராசிரியர் முகம் சுளித்து, "டிஸ்டர்ப் பண்ணாதீங்க, இது முக்கியமான ஸ்லைடு," என்றார். அது தள்ளாட்டத்தைப் பற்றிய பக்கம்.

அகப்பை தரையில் விழும் ஒலி கேட்டது. துளிக்குள் இருந்தவரின் மனைவி செயலாளரிடம் ஓடிவந்தார்.

"சார், அது ஆட்டம் இல்ல சார்! அவுருக்கு ஆட வராது. எந்தம்பி கல்யாணத்துல புட்ச்சி இஸ்துகினு போனேன், கம்பம் மாரி நட்டுகினு நின்னாரு. கரடி போட்டாலும் கைதான் ஆட்டுவாரு. இன்னாவோ ஆய்ட்ச்சி சார்!"

"கூல்மா. ஆடியன்ஸ் என்ஜாய் பண்றாங்க. சீஃப் கெஸ்ட் ஆவடி தாண்டிட்டார், அஞ்சே நிமிஷம்."

அதற்குள் துளி ஒளித்திரையில் மோதிச் சரிந்தது. மக்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். வீழ்ந்த துளி எழவில்லை. அதன் வாய் மட்டும் வானைப் பார்த்துச் சிரித்தவண்ணம் இருந்தது. மனைவி பற்பிணையை இழுத்தார். அது துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. தட்டில் சந்தனத்தோடும் பூவோடும், நாடா வெட்டுவதற்காக வைத்திருந்த கத்தரிக்கோலைப் பாய்ந்தெடுத்தார்.

"அது ரிப்பனுக்கு வச்சதும்மா! அய்யோ, வாடகை டிரெஸ், கிழிக்காத!" என்று செயலாளர் அலறினார்.

"தள்ளுய்யா அப்பால!"

நீர்த்துளி நுனிமுதல் அடிவரை கிழிந்தது. உள்ளிருந்தவரின் தோல் செங்கல்லாய்ச் சிவந்து, தொட்ட கை சுட்டது. அவ்வளவு புழுக்கத்திலும் நெற்றி உலர்ந்து கிடந்தது. விழிகள் எங்கோ நிலைகுத்தியிருந்தன. "மிசின நிறுத்து... மிசின நிறுத்து," என்று குழறினார். மனைவி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நீ யாரு?" என்றார்.

அந்த அம்மையார் ஒரு கணமும் தயங்கவில்லை. பானையின் கழுத்திலிருந்த நாடாவைப் பற்றி இழுத்தெறிந்து, ஐஸ் மிதந்த மோர்ப்பானையை அப்படியே தூக்கிக் கணவர்மேல் கவிழ்த்தார். அடுத்த பானையும் கவிழ்ந்தது. நானும் மேடையிலிருந்த முதியோரணியினரும் எங்கள் சால்வைகளை உருவி விசிறினோம். மேடையில் சால்வை போர்த்தும் வழக்கம் தோன்றிய நாள்முதல் அது பயன்பட்டது அந்த ஒரு முறைதான். பேராசிரியர் நிழலை விட்டு இறங்காமலே, "கரெக்ட், கரெக்ட், கூலிங்தான் ஃபர்ஸ்ட் எய்டு," என்று ஒலிவாங்கியில் ஒப்புதல் அளித்தார்.

மருத்துவ ஊர்தியும் சிறப்பு விருந்தினரும் ஒருங்கே வந்தனர். விருந்தினரின் ஊர்திவரிசை சாலையை அடைத்திருந்தமையால், மருத்துவ ஊர்தி பின்னோக்கி நகர்ந்து வேறு வழியே சுற்ற நேர்ந்தது. நான் அந்த அம்மையாரோடு ஊர்தியில் ஏறிக்கொண்டேன். புறப்படுகையில் நான் இறுதியாகக் கண்டது, வெறும் பானைகளுக்குப் புதிய நாடா கட்டப்படுவதை. மறுநாள் வெளிவந்த படத்தில் விருந்தினர் ஒரு குவளையை நீட்டியிருந்தார். அதனுள் என்ன இருந்தது என்பதை நான் அறியேன்.

பூந்தமல்லியருகே மருத்துவமனையில் சேர்த்தனர். குளிர்ந்த நீர் பாய்ச்சினர், பனிக்கட்டிப் பொதிகள் வைத்தனர். மூளை நரம்பு மருத்துவராகிய இளம்பெண் ஒருவர் எங்களிடம் வந்தார். மனைவிக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே: கணவர் மீண்டும் பழைய ஆளாக வருவாரா? மருத்துவர் அதற்கு ஆங்கிலத்தில் விடையளித்தார். அதைத் தமிழாக்கும் பணி எனக்கு வாய்த்தது.

மருத்துவர் கூறியதன் சாரம் இது. மூளை ஓயாமல் எரியும் அடுப்பு. அதன் சூட்டைக் கழுவிச் செல்வது குருதி. குருதியே கொதிக்கும்போது கழுவ எதுவும் இல்லை. நரம்பணுக்கள் தம்முள் பேசுவதற்குக் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளைச் சிறுகச் சிறுக உமிழ்கின்றன. அளவோடு உமிழ்ந்தால் அதுவே நினைவு, அதுவே கல்வி. வெப்பம் எல்லை மீறினால் அது கட்டின்றி வழிகிறது. வழிந்ததை உறிஞ்சிக்கொள்ள வேண்டிய துணையணுக்களும் சோர்ந்துவிடுகின்றன. கேட்கும் அணுவின் வாயில்கள் திறந்தே கிடக்க, கால்சியம் உள்ளே வெள்ளமாகப் புகுந்து, அடக்கி வைத்திருந்த நொதிகளை அவிழ்த்துவிடுகிறது. அணு தன்னைத் தானே செரித்துக்கொள்கிறது. எங்கள் நலச்சங்கத்தின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸாப்பில், ஒருவர் பேசினால் செய்தி, அனைவரும் ஒருசேரக் கூவினால் அழிவு என்பதை நான் அன்றாடம் கண்டிருந்தமையால், இது எனக்கு எளிதில் விளங்கிற்று.

கேடு அத்தோடு நிற்பதில்லை. வெப்பத்தில் குடலின் சுவர் நெகிழ்ந்து, அங்கிருக்கும் நுண்ணுயிரிகளின் நஞ்சு குருதியில் கசிகிறது. உடலின் காவற்படை சைட்டோகைன் என்னும் பொருள்களை அபாயச் சங்காக ஊதுகிறது. பகைவனை அடிக்கிறேன் என்று வீட்டையே இடிக்கிறது. மூளைக்கும் குருதிக்கும் இடையே உள்ள தடுப்பு பழுதாகி, வரக்கூடாதவை உள்ளே வர, மூளை வீங்குகிறது. எல்லாவற்றுள்ளும் வெப்பத்துக்கு முதலில் மடிவன சிறுமூளையின் பர்க்கின்ஜி அணுக்கள். நடை, கையின் நிதானம், சொல்லின் ஒழுங்கு ஆகியவை அவற்றின் பொறுப்பு. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

இதனை வேதிமம், நொதி, நரம்பணு என்று வழுவாத தமிழில் நான் எடுத்துரைத்தேன். அந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார்.

"அய்யா, நீங்க சொல்றது அய்யரு மந்தரம் மாரி கீது. பொழைப்பாரா? நடப்பாரா? என்னை யாருன்னு சொல்வாரா? அத்த மட்டும் சொல்லுங்கோ."

மருத்துவர் இம்முறை தமிழிலேயே பேசினார். "பிழைச்சிடுவார்மா. நீங்க மோர் ஊத்துனதுதான் காப்பாத்துச்சு. உங்கள அடையாளம் கண்டுப்பார். நடையும் கையும் பேச்சும் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் நிச்சயம். இனிமே இவர் உடம்பு சூடு தாங்காது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கஷ்டம்."

அதற்கிடையே அடுக்ககத்தின் புலனக் குழுவில் வேறொரு ஆய்வு நடந்தது. 'ஆடும் துளி' என்று பெயரிட்டுச் சிரிப்புக் குறிகளோடு சுற்றிய காணொளியை, துளி மருத்துவமனையில் இருப்பது தெரிந்தபின் மக்கள் மறுபடியும் பார்த்தனர். கைதட்டியது நாம் என்பது அதில் தெளிவாகக் கேட்டது. ஆகவே உடனடியாக ஒரு விளக்கம் தேவைப்பட்டது. 'நடையைப் பாருங்கள், குடித்திருக்கிறார்' என்று ஏழாம் மாடி கண்டறிந்தது. 'ஞாயிற்றுக்கிழமை வேறு' என்று மூன்றாம் மாடி சான்றளித்தது. இத்தகையவரை விழாவுக்கு அழைத்தது யார் என்று கேட்டனர். குருதிச் சோதனையில் மதுவின் தடமே இல்லை என்று மருத்துவர் கூறியதை நான் எழுதினேன். அதற்குக் கீழே ஒருவர் ரோசாப்பூவோடு காலை வணக்கம் இட்டார். ஆய்வு அத்துடன் நிறைவுற்றது.

அவர் வீடு திரும்பினார். மனைவியை அறிந்தார், என்னை அறிந்தார், பகடியையும் மறக்கவில்லை, ஆயின் ஒரு பகடியைச் சொல்லி முடிக்க நெடுநேரம் பிடித்தது. கால்களை அகட்டி வைத்தே நடந்தார். குவளையை நோக்கிச் செல்லும் கை குவளையைத் தாண்டிச் சென்று திரும்பி வந்தது. ஆடி கழிந்தபின் தொழிற்கூடத்துக்குச் சென்று கேட்க முடிவு செய்தபோது, மனைவி என்னையும் உடனழைத்தார். "நீங்க ஒண்ணும் பேச வாணாம் அய்யா. கூட நில்லுங்கோ, போதும்," என்றார். என் தமிழைப் பற்றி அவருக்கு மருத்துவமனையிலேயே ஒரு கருத்து உருவாகியிருந்தது.

அம்பத்தூரில் அக்கூடம் தகரக் கூரையின்கீழ் இருந்தது. உள்ளே நுழைந்ததும் காது மடல் சுட்டது. அங்கே நின்றுதான் அவர் இத்தனை ஆண்டு இரும்பு கடைந்திருக்கிறார். மேற்பார்வையாளர் கடுமையானவர் அல்லர். நாற்காலி போட்டு அமரச் செய்தார்.

"லேத்துல நிக்க முடியாதும்மா. கை ஆடுது, வெரல் பூடும்," என்றார்.

"லேத்து வாணாம் சார். வேற எதுனா குடுங்கோ. சூடு மட்டும் ஆவாது."

"பேக்டரில சூடு இல்லாத எடம் எதும்மா? என் ரூம்பு ஒண்ணு. அப்பறம் அளவு பாக்குற ரூம்பு." கண்ணாடிக் கதவொன்றைக் காட்டினார். அவர் குரலில் பாசம் ஊறியது. "உள்ள வச்சிருக்கிற அளக்குற கேஜு எல்லாம் ரொம்ப நைசு சார். கொஞ்சம் சூடு ஏறுனாலும் விரிஞ்சிடும், அப்பறம் அது காட்றது எல்லாம் பொய். ராவும் பகலும் ஏசி ஓடணும். ஒரு நாள் நின்னா எனக்கு மெமோ. செஞ்ச பீசக்கூட உடனே அளக்க மாட்டோம். உள்ள கொண்டுபோய் வச்சி, நல்லா ஆறுன பின்னாடிதான்."

"இரும்பு ஆற வரைக்கும் காத்துனு இருப்பீங்களா?"

"இருந்துதான் ஆகணும். அவசரப்பட்டா கெட்டுடும்."

அந்த அம்மையார் கண்ணாடிக் கதவைப் பார்த்தார், தகரக் கூரையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"அப்ப இவுரையும் ஒரு இரும்புன்னு எழுதிக்கோங்கோ சார்."

லேத்து முன் நின்ற இரண்டு பேர் சிரித்தனர். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. தேவையற்றவர் எவரும் அவ்வறையுள் இருத்தலாகாது என்பது விதி என்றார். தேவை எது என்று அவரே சிறிதுநேரம் எண்ணினார். பின்னர், ஆறவைத்த துண்டுகளை எவனாவது ஆறுமுன்னே எடுத்துவிடுவது இங்கே தொல்லையாக இருக்கிறது, அவற்றின் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பார்த்துக்கொண்டால் நல்லதுதான் என்றார். எடுக்க வேண்டாம், தொட வேண்டாம். ஆறாததை எடுக்க வருகிறவனைத் தடுத்தால் போதும்.

இப்போது அதுவே அவருடைய வேலை. சுடச்சுடக் கடைந்து வரும் இரும்பு, தட்டுகளில் அமர்ந்து இளைப்பாறுகிறது. அருகில் அவரும் அமர்ந்திருக்கிறார். முதல் நாள் மாலையில் எப்படி இருந்தது என்று கேட்டேன். வாயைத் திறந்து, சொல்லைத் தேடிப் பிடித்து, "கு... ளு... ருது அய்யா," என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது.

புரட்டாசிப் புழுக்கத்தில் ஆவடிக் கடைத்தெருவில் கம்பளிச்சட்டை தேடி அலைந்தவர் அவர் மனைவி ஒருவராகத்தான் இருப்பார். வாங்கிய சட்டையைப் பைக்குள் வைத்து, நாள்தோறும் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் அதே கட்டளையைச் சொல்லி ஏற்றிவிடுகிறார்.

"கதவ தாண்டி உள்ள போனப்புறந்தான் போடணும். வெளிய வரசொல்ல, மறக்காம கழட்டிடணும். இன்னா சொன்னேன்?"

அவர் திருப்பிச் சொல்கிறார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. முழுதும் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மையார் ஆட்டோவைப் புறப்பட விடுவதில்லை. உள்ளே அமர்ந்திருப்பவர்கள், "டைம் ஆவுதுக்கா," என்று முணுமுணுக்கிறார்கள்.